எல்லார் ஃபோல்டரிலும்

"சார், ஆளைப் பிடிச்சுட்டேன்."

லேப்டாப்பைத் துறைத்தலைவர் கல்யாணராமனின் மேஜைமேல் வைத்தான் சிவபாண்டி. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் இருக்கும் அந்தத் தனியார் கல்லூரியின் சர்வரைப் பார்த்துக்கொள்பவன் அவன். ஒரு மாதமாக அவன் வாங்காத திட்டு இல்லை. மார்க் ஏற்ற முடியவில்லை, பாடம் திறக்கவில்லை, எதைத் தொட்டாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று வாட்ச்மேனைத் தவிர எல்லோரும் அவனை ஏசிவிட்டார்கள்.

"ஏன் இப்படி நொண்டுதாம்?"

"இடமே இல்ல சார். ஒரே வீடியோவை முதல் வருசப் பசங்க அம்புட்டுப் பேர் ஃபோல்டர்லயும் தனித்தனியா ஏத்தி வச்சிருக்காங்க. ஒரு பாடம்னா பரவாயில்ல, எல்லாப் பாடத்தையும். சாயங்காலம் பேக்கப் போட்டா மறுநாள் மத்தியானம் வரைக்கும் ஓடுது. அதுவரைக்கும் எல்லாருக்கும் ஸ்லோதான்."

"எந்தப் பையன் பண்ணின வேலை இது?"

"பையன் இல்ல சார். பாக்கியமேரி மேடம்."

கல்யாணராமனுக்குச் சுர்ரென்று ஏறியது. முந்தின நாள்தான் நிர்வாகக் கூட்டத்தில் ஒரு மார்க் பட்டியலைத் திறக்க முடியாமல், அத்தனை பேர் முன்னால் அசடு வழிந்துவிட்டு வந்திருந்தார்.

பாக்கியமேரி வந்தார். வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் புரோகிராமிங் பாடம் எடுப்பவர்.

"இதெல்லாம் நீங்க ஏத்தினதா மேடம்?"

"ஆமா சார்."

"என்ன வீடியோ?"

"கிளாஸ்ல இங்கிலீஷ்ல நடத்துறதைத் தமிழ்ல விளக்கிப் பேசியிருக்கேன் சார்."

"நல்ல விஷயம். பொது ஃபோல்டர்னு ஒண்ணு இருக்கே. அதுல ஒரு தடவை போட்டா வேணுங்கிறவன் பாத்துக்க மாட்டானா?"

"அதுல போட்டா சரிப்படாது சார்."

"ஏன்?"

பாக்கியமேரி மேஜைமேல் இருந்த லேப்டாப்பையே பார்த்தார்.

சிவபாண்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்வதையும் செய்துவிட்டு எப்படி வாயைத் திறக்காமல் நிற்கிறார் பாருங்கள்.

"கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட்ல இருந்துக்கிட்டு நீங்களே இப்படிப் பண்ணலாமா மேடம்? உங்களால நான் ஊர்ப்பட்ட பேச்சு கேக்குறேன்."

"உங்க ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுதுல்ல?" என்றார் கல்யாணராமன். "இதைப் பாத்த பிறகு எந்த முகத்தோட உங்களுக்கு சிபாரிசு பண்றது?"

பாக்கியமேரியின் முகம் வெளிறிப்போனது.

"சிவபாண்டி, எந்தெந்தப் பசங்க இதைத் திறந்து பாத்திருக்காங்கன்னு தெரியுமா?"

"இப்பவே எடுத்துரலாம் சார்."

"எடுங்க. பாக்கிறவங்களுக்கு மட்டும் விட்டுட்டு மத்ததை அழிச்சிருங்க. அந்தப் பேரையெல்லாம் நோட்டீஸ் போர்டுல ஒட்டுவோம். தமிழ் இல்லாம புரியாதவங்களைத் தனியா உக்காரவச்சு ஸ்பெஷல் கிளாஸ் எடுத்தாப் போச்சு."

அதற்குள் அவருடைய செல்போன் அடித்தது. பிரின்சிபால். பேசிக்கொண்டே வராந்தாவுக்குப் போனார்.

"தம்பி, அந்தப் பேரை மட்டும் குடுத்துராதீங்க." பாக்கியமேரி அவன் பக்கம் குனிந்து சொன்னார்.

"ஏன் மேடம்?"

"போன வருசம் பொது ஃபோல்டர்லதான் போட்டேன். பேரையூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு பொண்ணு லேப்ல உக்காந்து அதைத் திறந்து பாத்துச்சு. பின்னாடி இருந்த ஒருத்தன் போட்டோ எடுத்து கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டான். அன்னிலருந்து அது பேரே தமிழ் மீடியம்னு ஆயிப்போச்சு. மத்த பிள்ளைங்களும் பயந்துபோய் அந்தப் பக்கமே வரலை. அந்தப் பொண்ணு டி.சி. வாங்கிட்டுப் போயிருச்சு."

சிவபாண்டி நிமிர்ந்து பார்த்தான்.

"இப்ப எல்லாருக்கும் குடுத்த பாடமா எல்லார் ஃபோல்டர்லயும் இருக்கு. யாரு பாத்தாலும் யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல?"

"இதை சார்ட்டயே சொல்லியிருக்கலாமே மேடம்?"

"சொன்னா, அப்படி யாரெல்லாம் இருக்காங்கன்னுதான் அடுத்த கேள்வி வரும்."

கல்யாணராமன் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"எடுத்தாச்சா?"

சிவபாண்டி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சிவபாண்டி, உங்களைத்தான் கேக்குறேன்."

"எல்லாரும் பாத்திருக்காங்க சார்."

"எல்லாருமா? கான்வென்ட்ல படிச்சு வந்தவன்கூடவா?"

"ஒருத்தர் பாக்கியில்லாம சார்."

கல்யாணராமன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு, "அப்ப எதையும் அழிக்க முடியாது. சர்வருக்கு என்ன வழி?" என்றார்.

"டீடூப்ளிகேஷன்னு சர்வர்லயே ஒரு வசதி இருக்கு சார். ஒரே ஃபைல் எம்புட்டு எடத்துல இருந்தாலும் டிஸ்க்குல ஒண்ணைத்தான் வச்சுக்கும். பசங்களுக்கு அவங்கவங்க ஃபோல்டர்ல இருக்கிற மாதிரியே தெரியும். இடமும் மிச்சம், பேக்கப்பும் சீக்கிரம் முடிஞ்சிரும்."

"இதை ஏன்யா முன்னாடியே செய்யலை?"

"நான்தான் ஆன் பண்ணாம விட்டுட்டேன் சார். தப்பு என் மேலதான்."

கல்யாணராமனின் கோபம் மொத்தமும் அவன் பக்கம் திரும்பியது.

"உங்க வேலையை ஒழுங்காப் பாக்காம, பாடம் எடுக்கிறவங்களைக் குத்தவாளி மாதிரி கொண்டாந்து நிறுத்துறீங்களா? உங்க பேச்சைக் கேட்டு ஒருத்தர் வேலைக்கு உலை வச்சிருப்பேனே. மேடம், நீங்க கிளாஸுக்குப் போங்க, சிபாரிசுல இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன். சிவபாண்டி, உங்களுக்கு மெமோ வரும்."

"சரிங்க சார்."

சிவபாண்டி லேப்டாப்பை மூடினான். அதில் இருந்த பட்டியலில் முக்கால்வாசிப் பெயர்களுக்கு நேரே, 'ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை' என்று இருந்தது.