அஞ்சு குடம்

“லிஸ்ட்டுல இருந்து உங்க வீட்டை எடுத்துட்டா, அப்புறம் லாரித் தண்ணி ஒரு சொட்டு கிடைக்காது. தெரியுமில்ல?”

அதட்டிக்கொண்டே வந்தார் வீரமணி. தேவிபட்டினத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு மாற்றலாகி வந்து நாலு நாள்தான் ஆகிறது. தெருக்களில் குடிதண்ணீர் விநியோகத்தைக் கவனிக்கும் வேலை. கையில் கிடைத்த முதல் புகாரே இதுதான்: மாரிச்செல்வி வீட்டில் குடிக்கிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறார்கள்.

மாரிச்செல்வி மொட்டைமாடியைக் காட்ட முன்னே நடந்தாள். மாடிப்படிக்குக் கீழே நின்ற மொபெட்டின் கைப்பிடியில் பாகற்கொடி சுற்றிப் படர்ந்திருந்தது. அதை ஒதுக்கிக்கொண்டுதான் ஏற வேண்டியிருந்தது.

மேலே போனதும் வீரமணி அப்படியே நின்றுவிட்டார். முப்பது சிமெண்டுச் சாக்குகளில் கத்தரி, வெண்டை, தக்காளி, தண்டங்கீரை. ஊரே காய்ந்து கிடக்கிற சித்திரையில் ஓர் இலைகூட வாடவில்லை.

“இதெல்லாம் லாரித் தண்ணியா?”

“ஆமாங்க.”

“ஏன், போர் இல்லையா?”

“இருக்கு. வெறும் உப்பு. ஊத்துனா கருகிரும்.”

பொய் சொல்வாள், இல்லையென்றால் அழுவாள் என்று நினைத்து வந்தவருக்கு என்னவோ போலிருந்தது. பக்கத்து வீட்டு விஷயத்தைச் சொல்வதுபோல அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீரமணி தாளைப் பிரித்தார். “தங்கசாமி, மாரிச்செல்வி. ரெண்டு பேரு. ரெண்டு நாளைக்குப் பத்துக் குடம். சரிதானே?”

“லிஸ்ட்டுல அப்படித்தாங்க இருக்கு.”

“இதுல செடிக்கு எத்தனை?”

“அஞ்சு.”

“அஞ்சு குடத்துல இம்புட்டுச் செடியா? யார்கிட்ட கதை விடுறீங்க?”

அவள் குனிந்து, ஒரு சாக்கின் மேலிருந்த தேங்காய் நாரை விலக்கினாள். மண்ணுக்குள் கழுத்துவரை ஒரு சின்ன மண்கலயம் புதைந்திருந்தது.

“இதுக்குள்ளதான் ஊத்துவேன். கசிஞ்சு கசிஞ்சு வேருக்குப் போயிரும். மேல ஊத்துனா பாதியை வெயிலு குடிச்சிரும்.”

வீரமணி மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். குளிர்ந்தது. புகார்த் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“அப்போ வீட்டுக்கு?”

“மிச்சம் அஞ்சு. குளிக்க, துவைக்க, சமைக்க எல்லாம் அதுலதான்.”

“பத்துக் குடம் பத்தலைன்னு தெருவே சண்டை போடுதும்மா. நீங்க பாதியில குடும்பம் நடத்துறீங்க!” அவர் குரலே மாறிவிட்டது. “உங்க பேர்ல நடவடிக்கை எல்லாம் இல்ல. ஞாயித்துக்கிழமை நாலு தெரு ஆளுகளை இங்கன கூட்டிட்டு வாரேன். நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்.”

“கலயம் புதைக்கிறதைச் சொல்லித் தாரேங்க. மத்தது எல்லாராலயும் முடியாது.”

“ஏன் முடியாது? ரெண்டு பேரு தண்ணியில ஒருத்தர் தண்ணியை எப்படி மிச்சம் பிடிச்சீங்கன்னு சொன்னாப் போதும்.”

மாரிச்செல்வி முற்றிப்போன வெண்டைக்காய் ஒன்றை ஒடித்து மடியில் போட்டுக்கொண்டாள். அவரைப் பார்க்காமலே சொன்னாள்.

“அதுக்கு வீட்டுல ஒருத்தர் சாகணுங்க.”