சாம்பியனின் கைவேலை

பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளைப் பொருத்தி அவள் செய்திருந்த ரோபோ இடுப்புயரம் நின்றது. நடுவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். தோளைத் திருகினார், முழங்காலை மடக்கினார். ஒரு குறையும் அகப்படவில்லை. அதுவே அவருக்கு உறுத்தியது.

"ஏம்மா, உண்மையைச் சொல்லுங்க. இது யார் செஞ்சது?"

"நான்தான் சார்."

"இப்பதான் முதல் தடவையா போட்டிக்கு வர்றீங்க. ஆனா போன வருஷம் பரிசு வாங்கினவரோட கைவேலை மாதிரியே அச்சு அசலா இருக்கே. அவர் செஞ்சு குடுத்தாரா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. ரோபோவின் வலது கையைக் கழற்றி, துண்டு துண்டாகப் பிரித்து மேசையில் பரப்பினாள். நடுவரின் கண்ணெதிரிலேயே மறுபடி பூட்டினாள். கை முன்போலவே மடங்கி நீண்டது.

நடுவர் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரிம்மா, நம்பறேன். ஆனா அவர்கிட்டதானே கத்துக்கிட்டீங்க?"

"அவரையே கேளுங்க. போன வருஷ ரோபோவும் இங்கதானே இருக்கு? அதோட கையை இதே மாதிரி பிரிச்சு மாட்டிக் காட்டச் சொல்லுங்க."

எல்லோரும் போன வருட ரோபோ இருந்த கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற சாம்பியனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. பெட்டியைத் தொடாமல் நேராக அவளிடம் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"மானத்தை வாங்காதடி. வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

"போன வருஷமும் வீட்டுலதாங்க பேசினோம்," என்றாள் அவள், எல்லோர் காதிலும் விழும்படி. "அப்புறம்தான் நான் செஞ்சதுல உங்க பேர் ஏறிச்சு."