பூஜ்யம் காட்டிய மீட்டர்

“உங்க கண்ணாடி ஹைட்ரஜன் விட்டுச்சுன்னா, அன்னிக்கே நான் ஊருக்குக் கிளம்பிடுவேன் மேடம்.”

“அவ்வளவு அவசரமா சார்? அங்க யார் காத்துட்டிருக்காங்க?”

“பூட்டின வீடுதான்.”

முதல் நாள் அவரும் அவளும் பேசிய பேச்சு அது. வாயுவை அளந்து சான்று தருவதற்காக வெளியூரிலிருந்து வந்தவர் அவர். ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் ‘மீட்டர்காரர்’. சிரிக்கச் சிரிக்கப் பேசுவார்; பேச்சு முடியும்போது மட்டும், “எப்ப கிளம்பலாம்?” என்பார்.

அவளுடைய கண்ணாடித் தகட்டில் கண்ணுக்கே தெரியாத தங்க ஊசிகள் புல்லாய் முளைத்திருந்தன. ஜாடித் தண்ணீரில் அமிழ்த்தி வெயிலில் வைத்தால், அவை ஒளியைப் பிடித்துத் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க வேண்டும். பிரித்துவிட்டால் அவளுடைய பல வருட உழைப்பு கரை சேரும். அவரும் போய்விடுவார்.

“இருங்கன்னு வாயைத் திறந்து சொல்லேன்டி,” என்று அண்ணி தினமும் நச்சரித்தாள்.

“கால்ல வெந்நீரை ஊத்திக்கிட்ட மாதிரி நிக்கிறவரை எப்படி அண்ணி நிறுத்தறது?”

இன்று ஜன்னலோரம் வெயில் ஏறியதும் தகட்டில் குமிழிகள் அரும்பின.

“சார்! வந்துடுச்சு!”

கத்திய பிறகுதான், இனி அவர் கிளம்பிவிடுவார் என்பது உறைத்தது.

அவர் மீட்டரைப் பார்த்தார். “பூஜ்யம் மேடம். வெறும் காத்து. தண்ணி சூடானா அதுல கரைஞ்சிருக்கிற காத்து இப்படித்தான் குமிழி விடும்.”

“கொதிக்க வச்சு, காத்தையெல்லாம் விரட்டி, மூடி ஆற வச்ச தண்ணி சார் இது!”

“சரியாக் கொதிச்சிருக்காது. அடுத்த வாரம் பார்ப்போம்.”

“எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியாதுங்கறீங்களா?”

தகட்டின் மேல் உள்ளங்கையால் வெயிலை மறைத்தாள். குமிழிகள் உடனே நின்றன. கையை எடுத்ததும் மறுபடி கிளம்பின. வெறும் காற்று இப்படி வெயிலுக்கும் நிழலுக்கும் கட்டுப்படாது.

ஜாடியிலிருந்து புறப்பட்ட குழாயை விரலால் தடவிக்கொண்டே போனாள். மீட்டரின் வாசலில் விரல் நின்றது. அங்கிருந்த சின்ன வால்வு இறுக்க மூடியிருந்தது. அவரைத் தவிர வேறு யாரும் தொடாத வால்வு.

அவர் காதுமடல் சிவக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“அதைத் திறந்தா நான் கிளம்பணுமே மேடம்.”

அவள் வால்வைத் திறந்தாள். மீட்டரில் எண்கள் மளமளவென்று ஏறின.

“உங்க வேலை முடிஞ்சுது சார்,” என்றாள். “போகாதீங்க.”