நாற்பது பை மண்

பாளையங்கோட்டையில் மூன்றாவது நாளாக மழை விடாமல் பெய்கிறது. பகல் பதினொரு மணிக்கே வானம் ஈயம் போன பாத்திரம்போல் கறுத்துக் கிடக்கிறது. பாத்திரக்கடை எபனேசர் மாடிப்படியின் கடைசிப் படியில் நனைந்துகொண்டு நின்று, தன் மாடித்தோட்டத்தைப் பார்க்கிறார். நாற்பது பைகளில் கத்தரியும் வெண்டையும் செழித்து நிற்கின்றன. வருஷத்துக்கு வருஷம் ஏறும் வெயிலில் வீடு கொஞ்சம் குளிரட்டும் என்று வைத்தவை. பைகளில் தேங்காய் நார்த்தூளைத்தான் நிரப்பச் சொன்னான் நாற்றுப்பண்ணைக்காரன். "பழைய கட்டடம் அண்ணாச்சி, இதுன்னா கனக்காது" என்றான். "கனமில்லாத சரக்குக்கு என்னத்துக்குவே இம்புட்டு வெல?" என்று மடக்கிவிட்டு, பித்தளையை எடைபோட்டே வளர்ந்த மனிதர் குளத்து மண்ணை வண்டி வண்டியாக மேலே ஏற்றிவிட்டார். அந்த மண் மூன்று நாளாகத் தண்ணீர் குடிக்கிறது. கரைந்து வழிந்தது வடிகால் ஓட்டையை அடைத்துவிட்டது. கணுக்கால் ஆழத்தில் தேங்கிய தண்ணீரில் ஒரு கத்தரிப் பிஞ்சு மிதந்து மிதந்து தளத்தின் நடுவுக்கே போகிறது. நடுவில் குழி விழுந்திருக்கிறது. போய் ஓட்டையைக் குத்திவிட வேண்டும். தன் எண்பது கிலோவையும் சேர்த்து இந்தத் தளம் தாங்குமா? காலைத் தூக்குகிறார், வைக்காமல் இழுத்துக்கொள்கிறார். நேர் கீழே அடுப்படி. அங்கிருந்து மனைவி ரீபாவின் குரல் கேட்கிறது: "ஏங்க, பைய நடங்க! நீங்க தொம்மு தொம்முன்னு நடக்கதுல காரை பேந்து சோத்துப் பானைக்குள்ள விழுது."

எபனேசரின் இரண்டு கால்களும் இன்னும் படியில்தான் இருக்கின்றன.