ஒரு கொத்துத் தவிட்டுக்கு

"தவுடனா? இதெல்லாம் ஒரு பேரா?"

மொழிபெயர்ப்பாளர் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, அதைச் சிங்களத்தில் எடுத்துச் சொல்ல, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த விசாரணை அதிகாரியும் சிரித்தார்.

வேலாயிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சிரிக்கட்டும். பெற்றுப் பெற்றுப் புதைத்தவளுக்கல்லவா தெரியும் அந்தப் பேரின் அருமை.

பக்கத்தில் தவுடன் நின்றான். பதினேழு வயது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பிடித்துக் கை காய்த்திருந்தது. அவளுக்கு இருப்பது அவன் ஒருத்தன்தான்.

வெளியே பெஞ்சில் ஹவ்வா உம்மா உட்கார்ந்திருந்தாள். நோர்வூட்டில் கடை வைத்திருந்த லாபிரின் பெண்சாதி. 'இவன் வேலாயி பெற்ற பிள்ளைதான்' என்று சாட்சி சொல்ல, முதல் பஸ்ஸில் வேலாயிதான் அவளை ஹட்டனுக்குக் கூட்டி வந்திருந்தாள்.

பெற்ற பிள்ளைக்குச் சாட்சியா என்று கேட்காதீர்கள். அது வேலாயியே இழுத்துவிட்டுக்கொண்ட வினை.

முதல் மூன்றும் ஆண் பிள்ளைகள். அழகன், சின்னராசா, செல்லசாமி. வாய் நிறையக் கூப்பிடலாம் என்று ஆசை ஆசையாய் வைத்த பேர்கள். ஒன்றுகூட ஒரு வயதைத் தாண்டவில்லை.

நல்ல பேராய் வைத்தால் எமனுக்கும் ஆசை வந்துவிடும் என்றார்கள் தோட்டத்து லயத்துச் சனங்கள். காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திக் கணக்கப்பிள்ளை பேர் வாசிப்பதுபோல அவனும் பேரைப் பார்த்துத்தான் கூப்பிடுவானாம்.

நாலாவதைப் பெற்ற மூன்றாம் நாளே தூக்கிக்கொண்டு போய் ஹவ்வா உம்மாவிடம் விற்றாள். விலை, அரிசி அளக்கும் கொத்தால் ஒரு கொத்துத் தவிடு.

சனங்களின் வழக்கம் அது. விற்ற பிள்ளை நம் பிள்ளையில்லை. எமன் வந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு போவான். அப்புறம் அதே தவிட்டைக் கொடுத்து மீட்டு, தவுடன் என்று பேர் வைத்துவிட வேண்டும். தவிட்டை எவன் தேடி வருவான்? அவள் புருஷன் மூக்கனே அப்படித் தப்பியவன்தான். அவனுக்கு மூக்கைக் குத்திவிட்டிருந்தார்கள், அதுதான் பேர்.

மற்றவர்கள் அத்தோடு விடுவார்கள். வேலாயி விடவில்லை. தோட்டத்துப் பதிவுப் புத்தகத்தில் ஏறிய மூன்றுமே மண்ணுக்குப் போயிருந்தன. எமன் படிப்பது அந்தப் புத்தகத்தைத்தான் என்று அவள் மனதில் விழுந்துவிட்டது.

"நானா, பொஸ்தகத்துலயும் ஒங்க புள்ளையின்னே எழுதிப்புடுங்க" என்று அண்ணன் முறை வைத்து லாபிரின் காலைப் பிடித்தாள்.

பிள்ளையில்லாத மனுஷர். மனசு கேட்கவில்லை. டவுன் பதிவுகாரரிடம் போய்த் தன் பிள்ளை என்று சொல்லி, சரிபுதீன் என்று பேர் கொடுத்துவிட்டு வந்தார்.

எட்டாம் நாள் வேலாயி தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை மீட்டாள். ஹவ்வா உம்மா அழுதுகொண்டேதான் கொடுத்தாள். புத்தகத்தில் ஏறியதை மீட்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பேரை வேலாயி அன்றிலிருந்து வாயால் சொன்னதில்லை. சொன்னால் எமனுக்குத் துப்புக் கொடுத்த மாதிரி.

மூக்கன் போய்விட்டான். லாபிரும் மௌத்தாகி இரண்டு வருஷம். இப்போது இந்த நாட்டுப் பிரசாவுரிமை கேட்டுப் போட்ட மனுவுக்கு விசாரணை. அவள் மனுவில் இருப்பது மகன் தவுடன். அவனுக்கென்று இருந்த ஒரே பிறப்புத் துண்டில் இருப்பதோ லாபிரின் மகன் சரிபுதீன்.

அதிகாரி முதலில் அவளுடைய மனுவைத்தான் எடுத்தார். நாற்பத்தேழில், தாய்க்கு முடியவில்லை என்று இந்தியாவுக்குப் போனவள், பதினான்கு மாதம் கழித்துத் திரும்பியிருக்கிறாள். ஒரு வருஷத்துக்கு மேல் நாட்டை விட்டிருந்தால் உரிமை இல்லை என்பது சட்டம், அது போதும் அவருக்கு. குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"ஒனக்கு இல்லையாம்மா" என்றார் மொழிபெயர்ப்பாளர். இப்போது அவர் சிரிக்கவில்லை.

மகன் சங்கதியையும் நிதானமாக விளக்கினார். இந்தத் துண்டுப்படி இவன் லாபிரின் பிள்ளை. லாபிர் தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்தவர். ஆகவே இவன் இந்த நாட்டுப் பிள்ளை, மனுவே தேவையில்லை, எவனும் அசைக்க முடியாது. இல்லை, அவள் பெற்றவன்தான் என்றால் துண்டு பொய். அவள் மனுவுக்கு என்ன கதியோ அதுதான் அவனுக்கும். இன்றைக்கில்லாவிட்டாலும் ஒருநாள் இரண்டு பேரையும் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள்.

"யோசிச்சுச் சொல்லு. இவன் யாரு புள்ள?"

ஊரில் என்ன இருக்கிறது என்று பதினான்கு மாதம் இருந்து பார்த்தவள் வேலாயி. கூரையில்லாத ஒரு குடிசை. தாயைப் புதைத்த மேடு. கஞ்சிக்கு வழியில்லாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்த சொந்தங்கள்.

தவுடன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அவன் கையை இறுக்கிப் பிடித்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

"அவங்கம்மா வெளிய பெஞ்சில இருக்காங்கய்யா. அவங்களையே கேளுங்க."

மொழிபெயர்ப்பாளர் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். பிறகு சிங்களத்தில் சொன்னார். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

வேலாயி மகன் பக்கம் திரும்பினாள்.

"சரிபுதீனு, போயி ஒங்க உம்மாவக் கூட்டிக்கிட்டு வா."

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். அந்தப் பேருக்கு அவன் அசைந்து பழக்கமில்லை.

அதிகாரி நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவள் இன்னொரு தரம், கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டாள்.