பூட்டிய இடம்

நான்கு எண்களைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தது அந்தச் சின்னத் திரை.

பிரிஜா கல்யாணத் தேதியைப் போட்டாள். தவறு என்றது.

"அத நான் அப்பவே போட்டுப் பாத்தாச்சு மைனி," என்றான் சூசை. "உங்க பெறந்த நாளும் போட்டேன். ஒண்ணும் பிடி கிட்டல்ல."

சூசை அவள் கணவன் மத்தியாஸின் தம்பி. அண்ணனின் டாக்சியை ஓட்டிக்கொண்டு கடியப்பட்டணத்திலிருந்து வந்திருந்தான். தக்கலைக்கு அப்பால், பிரிஜாவின் அம்மா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, அவளை முன்சீட்டில் உட்காரச் சொல்லி, அந்த ஜி.பி.எஸ். கருவியைக் கையில் கொடுத்திருந்தான்.

மத்தியாஸ் போய் ஒன்றரை மாதம் ஆகிறது. திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வெளியே, மஸ்கட்டிலிருந்து வருகிற ஒருவருக்காகக் காத்து நின்றவன் ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருக்கிறான். தூங்குகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள்.

வண்டி இனி சூசைக்கு. ஆனால் வாடிக்கைக்காரர்களின் வீடுகள் எல்லாம் இந்தக் கருவிக்குள் இருந்தன. எந்த ஊர், எந்த முடுக்கு, எந்த வாசல் என்று மத்தியாஸ் ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்தவை. அது திறந்தால்தான் தம்பிக்குப் பிழைப்பு.

"களவு போவக் கூடாதுன்னு அண்ணன் பட்ட பாடு கொஞ்சமா?" என்றான்.

முதலில் வாங்கியதை மார்த்தாண்டத்தில் பட்டப்பகலில் கண்ணாடியை உடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இது இரண்டாவது. இதை வாங்கிய நாளிலிருந்து, டீ குடிக்க இறங்கினால்கூடக் கழற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொள்வானாம். கருவியைக் கண்ணாடியில் ஒட்டிவைக்கும் ரப்பர், எடுத்த பிறகு ஒரு வட்டத்தை விட்டுப் போகும். அந்த வட்டத்தைக் கண்டாலே திருடனுக்கு விஷயம் தெரிந்துவிடும் என்று, அதையும் ஒவ்வொரு தடவையும் கைக்குட்டையால் துடைப்பானாம்.

பிரிஜா கண்ணாடியைப் பார்த்தாள்.

வட்டம் இல்லை. ஒரு விரல் ரேகைகூட இல்லை. அவ்வளவு சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போயிருந்தான்.

இதெல்லாம் அவளுக்குப் புதுச் செய்தி. அவள் அவனோடு இருந்தபோது வண்டியில் இந்தக் கருவி கிடையாது.

பிரிஜாவின் அப்பா இறந்த அன்று மத்தியாஸ் கோட்டயத்துக்குச் சவாரி போயிருந்தான். திரும்பும்போது மழையில் வழி தப்பி, எங்கெங்கோ சுற்றி, அவன் வந்து சேர்ந்தபோது கல்லறைத் தோட்டத்தில் ஆள் யாரும் இல்லை. பிரிஜா அவனிடம் ஒரு வார்த்தை சொன்னாள். அவன் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னான். அவள் அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டாள். கூப்பிட வருவான் என்றிருந்தாள். மூன்று வருஷம் போயிற்று.

"இன்னொரு வழி உண்டு மைனி," என்றான் சூசை. "நம்பர் மறந்து போச்சுன்னா, ஒரு எடம் குறிச்சு வச்சிருப்பாங்க. அந்த எடத்துக்குக் கொண்டு போனா தன்னால தொறக்கும். கள்ளனுக்கு அந்த எடம் தெரியாதுல்லா."

கடியப்பட்டணத்து வீட்டு முற்றத்துக்கு அவன் ஏற்கெனவே கொண்டுபோய்ப் பார்த்திருந்தான். கோயில் நடைக்கு, மார்த்தாண்டம் டாக்சி ஸ்டாண்டுக்கு, விமான நிலையத்துக்குக்கூடப் போய் வந்திருந்தான். எங்கும் திறக்கவில்லை. "கடேசியாத்தான் ஒங்ககிட்ட வந்தேன். இந்த வாசல்லயும் தொறக்கல்ல."

பிரிஜா கருவியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வண்டிய எடு சூசை."

"எங்கோட்டு?"

"வீட்டுக்குப் பொறத்த, சானல் கரைக்கு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். வண்டியை எடுத்தான். பஞ்சாயத்து ரோட்டில் இறங்கி, பாலத்தைச் சுற்றி, கால்வாயின் எதிர்க்கரைக்கு வந்தார்கள். ரப்பர் தோட்டத்து மதிலை ஒட்டி மண்பாதை.

"இங்ஙன நிறுத்தட்டா?"

"இன்னும் கொஞ்சம் முன்னால. ம். போதும்."

திரை நெடுநேரம் எதையோ தேடிக்கொண்டிருந்தது. சூசை எஞ்சினை அணைத்தான். தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும்.

பிறகு ஒரு சின்ன மணியோசை. பூட்டு மறைந்து, வரைபடம் விரிந்தது.

"மாதாவே!" என்றான் சூசை. கதவைத் திறந்து இறங்கி நாலாபுறமும் பார்த்தான். ஒரு கடை இல்லை, சிலுவை நட்ட ஒரு குருசடி இல்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஐந்தாறு வீடுகளின் பின்புறம்தான் தெரிந்தது. ஒரு மனிதன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்த இங்கே என்ன இருக்கிறது?

"மைனிக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் கண்ணாடி வழியே எதிர்க்கரையில் தன் வீட்டுப் புழக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கிணறு தெரிந்தது. துணிக்கொடி முழுவதும் தெரிந்தது.

சனிக்கிழமைதோறும் நாலு மணிக்கு மத்தியாஸ் வண்டியோடு இங்கே வந்து நிற்பான். வண்டிக் கதவு திறக்காது. கால் மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடுவான். அவளுக்குத் தெரியாது என்றுதான் கடைசிவரை நினைத்திருப்பான்.

அந்த நேரத்துக்குக் கொடியில் போட ஈரத்துணி இல்லாத சனிக்கிழமைகளில், காய்ந்து மடித்து வைத்த புடவைகளையே எடுத்து, பிரிஜா மறுபடி தண்ணீரில் முக்கியிருக்கிறாள்.