நடுவில் இருந்த நீலம்

2024 மார்ச் 7, காலை பத்தரை மணிக்கு, வானியல் துறையின் மூன்றாம் மாடியில் ஆராய்ச்சியாளர் ஒருத்தி தன் பட்டியலிலிருந்து ஒரு வரியை அழித்தாள்.

பட்டியலில் ஒரே கொத்தைச் சேர்ந்த 213 விண்மீன் திரள்கள் இருந்தன. கொத்துக்குள் விழும் திரளின் குளிர்ந்த வாயுவை அங்குள்ள சூடான வாயு உரித்துவிடும். பிறகு அதில் புதிய நட்சத்திரம் பிறக்காது, மெல்லச் சிவந்துபோகும். 212 திரள்கள் அப்படித்தான் சிவந்திருந்தன. நட்டநடுவில் ஒன்று மட்டும் நீலமாக, இன்னும் நட்சத்திரங்களைப் பிறப்பித்துக்கொண்டிருந்தது. அது இருந்தால், கொத்துக்குள் எதுவும் தப்பாது என்ற அவள் கட்டுரை நிற்காது.

"நேத்து 213 இருந்துச்சே அக்கா, ஒண்ணு எங்க?" என்றான் பக்கத்து மேசைக்காரன்.

"அது அளவீட்டுக் கோளாறுப்பா." சொன்னதும் அவள் காது சுட்டது.

கட்டுரை வெளியானது. பாராட்டியவர்களின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. ஆறு மாதம் பொறுத்தாள். பிறகு உண்மையைச் சொல்லிவிடத் துணிந்து, சான்றுக்காகத் தொலைநோக்கியில் அந்தக் கொத்தைப் புதிதாகப் படம் எடுக்கச் சொன்னாள்.

படத்தின் நடுவில் கறுப்பாக இருந்தது. பழைய படத்தைத் திறந்தாள். அதிலும் கறுப்பு.

"அங்க எப்பவும் ஒண்ணும் கிடையாதே. 212தான்னு நான்தானே கூட உக்காந்து எண்ணினேன்," என்று சிரித்தான் பக்கத்து மேசைக்காரன். "எதைத் தொலைச்சுட்டுத் தேடுறீங்க அக்கா?"

அவள் ஆய்விதழுக்கு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு எழுதினாள். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. சரிபார்த்துவிட்டார்களாம், எண்ணிக்கை சரியாக இருப்பதால் திருத்தம் தேவையில்லை.